சில்லில்லாத வண்டி

பனிவண்டி வந்திறங்கிய சனிக்கிழமை காலை, ஓக்லாந்தின் மனுரேவாவில் ஆனந்தராசாவின் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள்: ஆனந்தராசா, அவர் மனைவி குணவதி, மகள் பிரணவி, பக்கத்து வீட்டுக் கோதண்டராமன், அவர் மனைவி ரத்னா, வண்டியைக் கொண்டுவந்த லொறிக்காரன். வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு பாட்டனி டவுன்ஸ் வரைக்கும் பலர் தாங்களும் நின்று கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் நிற்கவில்லை.

லொறியின் பின்பலகை மெல்லக் கீழே இறங்கியது. அதன்மேல் கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று குந்தியிருந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டி. மேலே மூன்று பேர் தாராளமாக இருக்கக்கூடிய ஆசனம்.

"சில்லு எங்கயப்பா?" என்று சக்கரத்தைத் தேடினார் குணவதி.

"இதுக்குச் சில்லு இல்லை. இது பனியில ஓடுறது," என்றார் ஆனந்தராசா.

குணவதி வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. ஓக்லாந்தில் குளிர்காலமான யூலை முழுவதும் அப்படித்தான். மழை பெய்யும், காற்று அடிக்கும், பனி மட்டும் கொட்டாது.

"பனி எங்கயப்பா?"

"அது தெற்குத் தீவில. இதை வித்த பண்ணைக்காரன் தன்ர மலைக் காணியில எப்பவும் வந்து ஓடச் சொல்லியிருக்கிறான்."

"அப்பா, அப்ப வண்டியை அங்கயே விட்டிருக்கலாம்தானே?" என்றாள் பிரணவி.

"காசு குடுத்து வாங்கின சாமானை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுறதோ?"

மகள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனந்தராசா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையின் யந்திரங்களையெல்லாம் பார்த்துப் பராமரித்து ஓய்வு பெற்றவர். ஒரு யந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளங்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. டொரொண்டோவில் இருக்கும் அவருடைய மச்சான், குளிர்காலம் வந்தால் காட்டுப் பாதையில் குடும்பத்தோடு பனிவண்டி ஓட்டி, அதைப் படம்பிடித்து அனுப்புவார். "உங்களுக்கு அங்க கடற்கரைதானே" என்று கீழே ஒரு வரியும் இருக்கும். அந்தத் 'தானே' கொஞ்சம் சுட்டது உண்மை. ஆனால் அதற்காகத்தான் வண்டி வாங்கினார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். படத்தை நிறுத்தி நிறுத்தி, அந்தப் பட்டி எப்படிச் சுழல்கிறது, வண்டி எப்படித் திரும்புகிறது என்று அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். இணையத்தில் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தபோது, பட்டியில் வெடிப்பு உண்டா, என்ஜின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்றெல்லாம் பண்ணைக்காரனைக் குடைந்து கேட்டார். நாலு ஸ்ட்ரோக் என்ஜின். பெற்றோலில் எண்ணெய் கலக்கத் தேவையில்லை, புகை இல்லை, சத்தமும் குறைவு. குடும்பத்துக்கு ஏற்ற வண்டி என்று முடிவுகட்டினார்.

ரத்னா ஓடிப்போய் எலுமிச்சம்பழங்களோடு வந்தாள்.

"புது வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கணும் சார். இதுல எங்கே வைக்கிறது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நல்ல கேள்விதான். கடைசியில் பட்டிக்கு அடியில் வைப்பதென்று தீர்மானமாயிற்று. ஆனந்தராசா என்ஜினை முடுக்கினார். பட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. முழுசாகப் பறந்துபோய்க் கோதண்டராமனின் கார்க் கண்ணாடியில் மோதியது.

கோதண்டராமன் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனம் வேறு எங்கோ இருந்தது. ஆனந்தராசாவின் காதருகே வந்து கேட்டார்.

"பனிவண்டியெல்லாம் வாங்கிட்டீங்க, கனடா எப்போ சார்?"

"கனடாவோ? நாங்கள் ஒரு இடமும் போகேல்லை."

கோதண்டராமன் கண்ணை மூடித் திறந்தார். "புரியுது சார். விசா குத்துற வரைக்கும் நாங்களும் சொந்த அண்ணன்கிட்டயே மூச்சு விடல. சொன்னா நடக்காமப் போயிடும்."

"உண்மையாத்தான் சொல்லுறன். போகேல்லை."

"ஆமா ஆமா, போகல," என்றார் கோதண்டராமன், பெரிய ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டவரைப் போல.

சிக்கல் அங்கே தொடங்கியது. நம் சனங்களில் வெளிநாடு போகிறவன் எவனும் போகிறேன் என்று சொல்வதில்லை. கண்ணூறு படும் என்று கடைசிவரை இல்லையென்றே சாதிப்பான். ஆகவே ஒருவன் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவன் பெட்டி கட்டிவிட்டான் என்றுதான் அர்த்தம்.

ஆனந்தராசாவுக்கு இது விளையாட்டில்லை. பிரணவிக்கும் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் பிருந்தனுக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. பிருந்தனின் தாய் சுந்தரிதான் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். முதல் நாளே அவர் சொன்ன வார்த்தை: "பெம்பிளையின்ர தாய் தேப்பன் கிட்ட இருக்கவேணும் அண்ணை. நாளைக்குப் பேரப்பிள்ளையளை ஆர் பார்க்கிறது?" இந்தக் கதை அவர் காதில் விழுந்தால் சம்பந்தம் அவ்வளவுதான்.

"வண்டியை மூடிவிடுங்கோ. கண்ணில படாட்டில் சனம் கதையாது," என்றார் குணவதி.

ஆனந்தராசா பெரிய நீலத் தறப்பாள் வாங்கி வந்து, வண்டியை மூடிக் கயிற்றால் இறுகக் கட்டினார். அன்று மாலையே ரத்னா தன் தோழி மஹதியிடம் தொலைபேசியில் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"பேக்கிங் ஆரம்பிச்சுட்டாங்கடி. கப்பல்ல போடத்தான் கட்டி வச்சிருக்காரு."

வெள்ளிக்கிழமை கோயிலில் முன்பின் தெரியாத ஒருத்தி குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட கறிவேப்பிலை மரத்தை எனக்குத் தந்திட்டுப் போங்கோ. வேற ஒருத்தருக்கும் வாக்குக் குடுத்திடாதேங்கோ."

குணவதி வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கதிரையில் எறிந்தார். பதினொரு வருஷம் குளிருக்குப் போர்த்தி, பிள்ளையைப்போல வளர்த்த மரம் அது.

"இஞ்சேருங்கோ, என்ர மரத்துக்குக் கேள்வி வந்திட்டுது!"

"பொறும். வண்டியை மூடினது பிழை. இது இஞ்ச ஓடத்தான் வாங்கினது எண்டு நாலு பேருக்குக் காட்டவேணும்."

மறுநாள் தறப்பாளை அவிழ்த்துப் பின்வளவுப் புல்லில் வண்டியை ஓட்டினார். அரைச் சுற்றுப் போவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனந்தராசா இறங்கிப் புல்லில் படுத்து, அடியில் எட்டிப் பார்த்தார். பட்டி அள்ளி எறியும் பனிதான் அடியில் இருக்கும் குழாய்களைக் குளிர்விக்கவேண்டும். பனி இல்லாவிட்டால் என்ஜின் கொதிக்கும். என்ன கெட்டித்தனம் என்று வியந்தபடியே, தெரு முனையிலுள்ள டெய்ரி என்ற சில்லறைக் கடையில் இருந்த ஐஸ் கட்டிப் பைகளையெல்லாம் வாங்கிவந்து, உடைத்துப் பட்டிக்கு அடியில் கொட்டினார். காது குளிர்ந்ததால் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டார்.

வேலிக்கு மேலே கோதண்டராமனின் கைப்பேசி தெரிந்தது.

"என்ன கோதண்டராமன், படம் எடுக்கிறீரோ?"

"ஒண்ணுமில்ல சார், நீங்க பண்ணுங்க!"

அன்றிரவுக்குள் அந்தப் படம் ஓக்லாந்துத் தமிழர் எல்லோருடைய கைக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பளித் தொப்பியோடு, ஐஸ் குவியலின் நடுவே, சில்லில்லாத வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஆனந்தராசா. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'கனடாக் குளிருக்குப் பழகுகிறார்.'

பிரணவி படத்தைக் காட்டினாள். "அப்பா, பிளீஸ். இதை வித்திடுங்கோ. பிருந்தன்ட அம்மாவும் பார்த்திட்டா."

ஆனந்தராசா மகளின் முகத்தைப் பார்த்தார். அழுதிருந்தாள். அடுத்த நிமிஷமே விளம்பரம் போட்டார்: பனிவண்டி விற்பனைக்கு, நாலு ஸ்ட்ரோக், நல்ல நிலை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏழெட்டுக் கார்கள் நின்றன. வண்டியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஒரு தம்பதி சோபாவில் உட்கார்ந்து எழும்பிப் பார்த்தார்கள். சரத் என்று ஒருவன் இட்லிக் கொப்பரையைத் தூக்கி, அடியைத் தட்டினான்.

"அங்கிள், இது எவ்வளவு?"

"வையும் அதை! அடுப்பில இருந்த சாமான் அது!"

"போறபோது எல்லாத்தையும் கொண்டுபோக ஏலாது அங்கிள்," என்றான் சரத், மிகுந்த அனுதாபத்தோடு.

அந்த நேரத்தில் சுந்தரியிடமிருந்து அழைப்பு வந்தது. ஆனந்தராசா எழுந்து நின்று பேசினார்.

"அண்ணை, கதை கேள்விப்பட்டம். சம்பந்தம் எண்டு வரேக்க இதையெல்லாம் எங்களிட்ட மறைக்கலாமோ?"

"ஒண்டையும் மறைக்கேல்லை தங்கச்சி..."

"ஃபோனில வேண்டாம். நேரில கதைப்பம். கெதியாக் கதைக்கவேணும்."

அழைப்பு நின்றது. சீக்கிரமே சம்பந்தத்தை முறிக்கத்தான் என்று அவருக்கு விளங்கியது. அவருடைய பரம்பரையில் பேசிய கலியாணம் முறிந்ததாகக் கதையே கிடையாது. அதைவிட, உள்ளே பிரணவியின் அறைக் கதவு சாத்தியபடி கிடந்தது.

"எல்லாரையும் ஒரேயடியாய்க் கூப்பிட்டு, முகத்துக்கு நேர சொல்லிவிடுறன்," என்றார் ஆனந்தராசா. "சுந்தரி குடும்பமும் வரட்டும். விருந்து வையும்."

"காரணம் கேட்டால்?"

"வந்தாப்பிறகு சொல்லுறம் எண்டு சொல்லும்."

காரணம் சொல்லாத அந்த விருந்துக்கு, அழைக்கப்பட்டவர்கள் தாங்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டு வந்தார்கள். கோதண்டராமன் பொன்னாடையோடு வந்தார். மஹதி 'சென்று வருக' என்று எழுதிய கேக்கோடு வந்தாள். கறிவேப்பிலை மரத்தைக் கேட்டவள் மண்வெட்டியோடு வந்தாள். ஆனந்தராசா வாயைத் திறக்குமுன் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது.

"எங்க சார் மாதிரி ஒரு அண்டை வீட்டுக்காரர் இனிமே கிடைக்கமாட்டார்," என்று கோதண்டராமன் தழுதழுத்தார். ரத்னா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் சுந்தரி குடும்பம் உள்ளே வந்தது. ஆனந்தராசா கண்ட காட்சியை அவராலேயே நம்ப முடியவில்லை. சுந்தரியின் கையில் வெற்றிலை பாக்கு, பழம், பட்டுச்சேலை வைத்த தட்டம். முகம் நிறையச் சிரிப்பு.

"அண்ணை, எங்களுக்குப் பூரண சம்மதம். நாளைக் கடத்தாமல் கலியாணத்தைப் பதிஞ்சு எழுத்தை வைப்பம். இந்த மாதமே எண்டாலும் சரி."

பிரணவி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பிருந்தன் அவளைப் பார்த்துச் சிரித்தான். குணவதி தட்டத்தை வாங்கக் கையை நீட்டினார்.

"பொறும்," என்றார் ஆனந்தராசா.

இவ்வளவு கதை கேட்ட பிறகும் தன் பெண்ணை மனதார ஏற்க வந்திருக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட மனிதர்கள் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அப்படிப்பட்டவர்களின் தட்டத்தை ஒரு வதந்தியின் நிழலில் வாங்குவது குடும்பத்துக்கு அழகல்ல. பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். நிமிர்ந்து நின்றார்.

"தட்டம் வாங்க முதல் ஒரு விஷயம். நான் பெத்த பிள்ளை மேல சத்தியமாச் சொல்லுறன். நாங்கள் கனடாவுக்குப் போகேல்லை. விசாவுக்கு எழுதவும் இல்லை, எழுதப்போறதும் இல்லை. சாகும்வரைக்கும் மனுரேவாதான். பிள்ளையளும் எங்களோட இஞ்சதான் இருக்குங்கள்."

பிள்ளை மேல் சத்தியம் என்றபின் பேச்சேது? முதன்முறையாக எல்லோரும் நம்பினார்கள். கோதண்டராமன் வாயைப் பிளந்தார். மண்வெட்டிக்காரி மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாத்தினாள். சுந்தரியின் சிரிப்பு அப்படியே நின்றது. நீட்டிய தட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போயிற்று.

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தையும் பேசியிராத பிருந்தனின் தகப்பன், மனைவியின் பக்கம் குனிந்து கேட்டார்:

"அப்ப சுந்தரி, இவையோட கனடாவுக்குப் போறதுக்கெண்டு வாங்கின எங்கட ஆறு குளிர்கோட்டையும் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ?"