தாய்லாந்து அண்ணனின் வலது கால்

தாய்லாந்தைப் பற்றி எங்கள் தாய்லாந்து அண்ணனுக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாட்டுக்காரர்களுக்கே தெரியாது. இத்தனைக்கும் அவர் அதுவரை போயிருந்த ஒரே வெளிதேசம், ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் ஆரம்பிக்கும் கர்நாடகம்.

ஓசூரில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ப்ரெஸ் ஷாப்பில் சீனியர் ஆபரேட்டர். சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், மெஷின் மக்கர் பண்ணினால் கன்னடம். எங்கள் கம்பெனிக்குத் தாய்லாந்தில் ஒரு கூட்டாளி கம்பெனி உண்டு. வருடத்துக்கு ஒரு பேட்ச் அங்கே பயிற்சிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அண்ணன் பெயர் பட்டியலில் ஏறும். ஒவ்வொரு முறையும் மேனேஜர், "நீங்க போயிட்டா பெரிய ப்ரெஸ்ஸ யாருங்க பாக்கறது?" என்று அடித்துவிடுவார். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு நம் ஊரில் கிடைக்கும் வெகுமதி அதுதான்.

அண்ணன் சளைக்கவில்லை. போய்வந்த ஒவ்வொருவனையும் கேண்டீனில் மடக்கி உட்கார வைத்து, தன் போண்டாவையும் அவன் தட்டில் தள்ளி, விசாரணைக் கமிஷன் நடத்துவார். "கோயிலுக்குள்ள போறப்ப ஷூவ எங்க கழட்டின? கால எந்தப் பக்கம் மடக்கி உக்காந்த? யாராச்சும் மொறச்சாங்களா?" போண்டா தீர்வதற்குள் அவன் சொல்லத் தெரியாததையும் சொல்லியிருப்பான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அண்ணனுக்கு அந்தத் தேசமே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் கிளம்புகிற பேட்சுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார்.

"தோள் மூடணும், முட்டி மூடணும். அரை டவுசரோட கோயிலுக்குப் போனா வாசல்லயே நிறுத்திருவாங்க. நெலப்படிய மிதிக்கக் கூடாது, தாண்டணும். புத்தருக்கு முதுகு காட்டிக்கினு செல்ஃபி எடுக்கறவன் என் மூஞ்சிலயே முழிக்காதீங்க."

பேக்கிங் செக்‌ஷன் செல்விக்கு எதற்கும் ஒரு சந்தேகம் இருக்கும். "பிக்குவுக்கு ஏதாச்சும் குடுக்கணும்னா எப்படிணா?"

"பொம்பளைங்க கைல குடுக்கக் கூடாதும்மா. அவரு ஒரு துணிய விரிப்பாரு, அது மேல வை. பஸ்ல அவரு பக்கத்துலயும் உக்காராத."

"நம்ம ஊரு பஸ்ல எனக்கு யாரு பக்கத்துலயும் எடம் கெடைக்கறதில்லணா."

அண்ணன் சிரிக்கமாட்டார். அடுத்த விதிக்குப் போய்விடுவார். தலை உடம்பிலேயே உசத்தி, குழந்தை தலையைக்கூடத் தொடக் கூடாது. கால் ரொம்பத் தாழ்த்தி, அதை யார் பக்கமும், முக்கியமாகப் புத்தர் பக்கம் நீட்டக் கூடாது. காலால் எதையும் காட்டவே கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவர் சொல்வது, பக்கத்து ஷெட் வரைக்கும் கேட்கும்.

இதில்தான் ஒரு சிக்கல். ப்ரெஸ் ஷாப்காரனுக்கு இரண்டு கையிலும் எண்ணெய்த் தகடு இருக்கும். "அந்த ட்ரேய எடு" என்றாலும், "சூப்பர்வைசர் எங்கே?" என்று கேட்டாலும், வலது கால்தான் எழுந்து திசை காட்டும். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அண்ணன் காட்டாத திசை கிடையாது. விதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "கால நீட்டாத" என்று ஒருவனைக் காலாலேயே சுட்டியிருக்கிறார்.

ரிட்டயர் ஆக ஒன்பது மாதம் இருக்கும்போது புது ப்ரெஸ் ஒன்று வருவதாக ஆயிற்று. தாய்லாந்தில் கற்று, அங்கே சொல்லித் தருபவர் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே அதைத் தொட முடியும். பெரிய ப்ரெஸ்ஸை மூடப்போவதால், மேனேஜருக்கு அண்ணன் பெயரை அடிக்கக் காரணம் கிடைக்கவில்லை. அந்தப் பேட்சில் பேக்கிங்குக்குச் செல்வி, குவாலிட்டிக்கு நான், இன்னும் நாலு பேர், அண்ணன். விசா வந்த அன்று கேண்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"மெஷின கத்துக்கலாம்பா, அது பெரிசில்ல. இத்தினி வருஷம் ஊருக்கே புத்தி சொல்லிட்டன். அங்க போயி நானே ஒரு தப்பு பண்ணிட்டா தாங்கமாட்டன். மரியாதயா போயி மரியாதயா வரணும்."

கிளம்பும்போது பார்த்தால், வலது ஷூவின் நுனியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். கால் எழுந்தால் கண்ணில் பட்டு உஷார் பண்ணுமாம். பெங்களூர் விமான நிலையம் வரைக்கும் அந்தக் காலை இடது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

முதல் இரண்டு நாள் அண்ணன் நடந்தது நடையே இல்லை, பூஜை. கோயிலில் காலைப் பின்னால் மடக்கி அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்து அந்த ஊர்க்காரர்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நரைத்த தலைக்காரர், அண்ணனைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்களுக்குள் அவரை மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டோம். அவரைக் கண்டால் அண்ணன் இருபதடி தூரத்திலேயே கும்பிடுவார்.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியே எங்களுக்குப் புது சேஃப்டி ஷூ கொடுத்தது. சிவப்பு டேப் பழைய ஷூவோடு லாக்கருக்குள் போய்விட்டது. யாருமே கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்குத் தகடு அச்சில் சிக்கியது. மேஸ்திரி மெஷின் அடியில் குந்தி உட்கார்ந்து, எந்த இடம் என்று சைகையில் கேட்டார். அண்ணன் கையில் தகடு. கண்மூடித் திறப்பதற்குள் வலது கால் எழுந்து, மேஸ்திரியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, "தோ, இங்க" என்று காட்டியது.

அக்கம்பக்கத்து மெஷின்கள் நின்றன. அண்ணன் தன் காலையே, யாரோ வேறு ஆள் கால் போலப் பார்த்தார். தகட்டைக் கீழே வைத்தார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மன்னிச்சிரு சாமி... க்ஷமிஞ்சண்டி... க்ஷமிசி..."

ஓசூர்க்காரர் இல்லையா? ஒரு பாஷை பலிக்காவிட்டால் அடுத்தது. கையெழுத்து போச்சு என்று நான் நினைத்தேன். செல்வி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மேஸ்திரி பதறி அவரைத் தூக்கக் குனிந்தார். தரையில் எண்ணெய். வழுக்கிய மனிதர் பிடிமானத்துக்குத் துழாவ, அவர் உள்ளங்கை முழுசாக அண்ணன் தலைமேல் போய் உட்கார்ந்தது. அடுத்த நொடி சூடு பட்டவர் மாதிரி கையை உதறினார். இப்போது அவர் கும்பிட்டார், விடாமல் கும்பிட்டார். மொழிபெயர்க்கும் பெண் ஓடிவந்து, "உங்கள் தலையைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்தபடியே சொன்னார்.

"எதுக்குப்பா மன்னிப்பு? எங்கப்பா செத்து முப்பது வருசம் ஆச்சு. அதுக்கப்பறம் என் தலமேல ஒருத்தரும் கை வச்சதில்ல. நல்லாருன்னு வச்ச மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லு."

நான் சொன்னேன், அந்தப் பெண் சொன்னாள். மேஸ்திரி தன் வலது காலைத் தட்டிக்காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். இளம் வயதில் அவரும் ப்ரெஸ்ஸில் காலால் காட்டி முதலாளியிடம் திட்டு வாங்கியவராம்.

கடைசி நாள் முதல் கையெழுத்து அண்ணன் தாளில்தான் விழுந்தது. பஸ் ஏறும்போது மேஸ்திரி வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்தார். மேஸ்திரி நிதானமாக, வேண்டுமென்றே, அதன்மேல் கை வைத்தார். பஸ் ஏறிய அண்ணன் ஓசூர் வரும்வரை தலை வாரவில்லை.

அண்ணன் ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் பேட்ச் கிளம்புகிற நாளில் வேப்பனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுவார். எல்லா விதியும் அப்படியே. தலை விதியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நீ தொடாத. அவங்க தொட்டா, ஆடாம நில்லு."

நான் அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டேன். விதியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அவர் என் ஷூ நுனியில் சிவப்பு டேப்பைச் சுற்றிவிடும்வரை எனக்கு பஸ்ஸில் ஏற மனசு வருவதில்லை.