ஐஸ் பெட்டி வசதியாக இருந்ததா?

இறந்துபோன மனிதர் ஒருவரிடம் நான் கருத்துக் கேட்டிருக்கிறேன். கனவில் அல்ல, செல்போன் செய்தியில். 'அன்புள்ள' என்று தொடங்கி, கடைசியில் நன்றியும் சொல்லிக் கேட்டேன். (மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். என் அக்கா கோமதி ஓசூரில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, மாரண்டஹள்ளியில் வாடகைக் கடை போட்டிருந்தாள். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், சீரியல் விளக்கு, சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி. "பொம்பளை பந்தக்கடை நடத்தறதா?" என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், முதல் ஆர்டர் கொடுத்தவர் பக்கத்து ஊர் தக்காளி விவசாயி மாதையன். தன் மகள் கல்யாணத்துக்கு வேண்டிய மொத்தப் பொருளையும் அக்காவிடமே எடுத்தார். அதைப் பார்த்துத்தான் அவருடைய பங்காளிகளும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். அந்த ஒரு குடும்பம் முகத்தைத் திருப்பினால் அக்கா கடையை மூட வேண்டியதுதான்.

கடை வளர வளர நோட்டுப் புத்தகம் திணறியது. ஒரே முகூர்த்தத்தில் ஒரே இருநூறு நாற்காலியை இரண்டு கல்யாணத்துக்கு எழுதிவிட்டு, அக்கா பள்ளிக்கூட பெஞ்சுகளை இரவல் வாங்கி மானத்தைக் காப்பாற்றினாள். அன்று நான் எழுந்து நின்று சொன்னேன்: "அக்கா, இது நோட்டுல நடத்தற பிசினஸ் இல்ல. இது ஸ்டார்ட்அப். உனக்கு ஒரு சிஸ்டம் வேணும்."

"எத்தன மாசம் ஆகும்?"

"பத்தே நாள்."

அளந்துவிடவில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு டேட்டாபேஸ் தளம் இருந்தது. கட்டங்களை இழுத்துப் போட்டு, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் கோடு போட்டால் மென்பொருள் தயார். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, பொருளுக்கு ஓர் அட்டவணை, புக்கிங்குக்கு ஓர் அட்டவணை. போன் எண்ணைத் தட்டினால் பழைய வாடிக்கையாளரின் பெயர் தானாக வந்து நிற்கும். எந்த நாளில் எத்தனை நாற்காலி மிச்சம் என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். ஆறாவது நாளே முடித்துவிட்டேன். மீதி நான்கு நாளும் படுத்துத் தூங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

தூங்கவில்லை. பொருள் கடைக்குத் திரும்பிய மறுநாள் காலை பத்து மணிக்கு, வாடிக்கையாளருக்குத் தானாகவே ஒரு செய்தி போகும்படி செய்தேன். அவர் பெயரையும் அவர் எடுத்த பொருளின் பெயரையும் அதுவே பொருத்திக்கொள்ளும். மாதிரிக்கு எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். நாற்காலி வசதியாக இருந்ததா என்று என் போன் என்னைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே மெசேஜாடா?" என்று அக்கா கேட்டாள்.

"கஸ்டமர்னா கஸ்டமர்தான்க்கா" என்றேன். (அப்படி ஒரு தெளிவு அதற்கு முன்னும் எனக்கு இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.)

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு காலையில் மாதையன் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மகன் சக்திவேல், கைக்குக் கிடைத்த அப்பாவின் போனிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டு ஐஸ் பெட்டியும் பந்தலும் நாற்காலியும் கேட்டார். அக்கா அழுதுகொண்டே எண்ணைத் தட்டினாள். மாதையன் பெயர் தானாக வந்து நின்றது. பெட்டி போனது, மறுநாள் அடக்கம் முடிந்து கடைக்குத் திரும்பியது.

அதற்கும் மறுநாள். பால் தெளித்துவிட்டு வந்து சொந்தபந்தமெல்லாம் வாசல் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதையனின் போனில் மணி அடிக்கிறது. யாரோ இரங்கல் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த வீட்டு மருமகன் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாராம்:

"அன்புள்ள மாதையன் அவர்களே! உங்கள் வீட்டு விசேஷம் சிறப்பாக நடந்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. நீங்கள் பயன்படுத்திய ஐஸ் பெட்டி வசதியாக இருந்ததா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தாருங்கள். விரைவில் அடுத்த விசேஷத்தில் சந்திப்போம். நன்றி, மீண்டும் வருக!"

கடைக்குப் போன் வந்தது. சக்திவேல் கத்தவில்லை. "கோமதிக்கா, எங்கப்பாவ மார்க் போடச் சொல்லிக் கேட்டிருக்கீங்க. நாங்க என்னாங்க பதில் போடறது?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் புரிந்ததும் அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்னய நம்பி மொத மொத ஆர்டர் குடுத்த மனுசன்டா அவரு" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அப்படியே எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

ஸ்கூட்டரில் போகும்போது அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "அங்க வந்து வணக்கம் வெக்காத. கெளம்பறப்ப வரேன்னு சொல்லாத. சாவூட்டுல சொல்லிக்காமதான் எந்திரிச்சு வரணும். நீ வாயே தொறக்காத, போதும்."

எங்கள் பந்தலின் கீழ், எங்கள் நாற்காலிகளில், நாற்பது பேர் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். அக்கா மாதையனின் மனைவி கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். "அது ஆட்டோமேட்டிக்குங்க. நான் கண்டிசன் வெக்காம விட்டுட்டேனுங்க. சிஸ்டத்துக்குக் கல்யாணமும் ஒண்ணுதான், சாவும் ஒண்ணுதானுங்க."

பங்காளி ஒருவர் எழுந்தார். "ஆளு போயி மூணு நாள் ஆகல. மறுபடியும் வாங்கங்கற. இந்த வூட்டுலருந்து இன்னும் யாரைடா அனுப்பச் சொல்ற?"

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இனிமேப்பட்டு நம்ம ஆளுங்க ஒருத்தரும் அந்தக் கடையில ஒரு கரண்டி எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா தலையைக் குனிந்தபடி எழுந்தாள். நானும் பதறி எழுந்தேன். இருபத்து நான்கு வருடப் பழக்கம். இரண்டு கையும் தானாகக் குவிந்தன, வாய் தானாகத் திறந்தது.

"அப்ப நாங்க போயிட்டு வரோங்க."

அக்கா என் குவிந்த கைகளைத் தட்டிவிட்டாள். பிறகு ஒரு விசும்பல் கேட்டது. மாதையனின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்துப் பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் ஆறடி ஒசரம். வூட்டுக் கட்டலே பத்தாது. அந்தப் பொட்டியில காலு ரெண்டும் போயி முட்டிக்கிட்டுக் கெடந்துது. அவரக் கேட்டிருந்தா ரெண்டு மார்க்குக்கு மேல போட்டிருக்க மாட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அக்காவும் அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பங்காளிகூட உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மகனைப் பார்த்தார். "கருமாதிக்கும் கோமதிகிட்டயே எடுத்துரு. அப்பா பார்த்து வெச்ச கடை."

"எடுக்கறேம்மா. ஆனா போன் நம்பர் குடுக்க மாட்டேன்" என்றார் சக்திவேல்.

கடை பிழைத்தது. அன்றே அந்தச் செய்தியைப் பிடுங்கி எறிந்தேன். இப்போதும் அக்கா புக்கிங்குகளை அதே சிஸ்டத்தில்தான் போடுகிறாள். ஆனால் நன்றி சொல்வதென்றால் அவளே போனில் கூப்பிட்டுச் சொல்வாள். நான் ஓசூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு இதே போன்ற சிஸ்டங்களைக் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். (முதல் கம்பெனியில் முன்அனுபவம் கேட்டபோது கல்யாண ஆர்டர்களை மட்டும் சொன்னேன்.)

என் கல்யாணத்துக்கு மாதையனின் மனைவி வந்திருந்தார். மேடைக்கு வர மாட்டேன் என்று கீழேயே ஒதுங்கி நின்றவரை அக்கா போய்க் கையைப் பிடித்து ஏற்றி வந்தாள். எங்கள் இருவரையும் வாழ்த்திவிட்டு, நான் உட்கார்ந்திருந்த ஜிகினா நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "வசதியா இருக்குதா தம்பி? அஞ்சுக்கு எத்தன?" என்று கேட்டார். மேடையில் புகைப்படக்காரர்வரை சிரித்தார்கள். விவரம் தெரியாமல் விழித்தவள் மணப்பெண் ஒருத்திதான். அந்தக் குறையை அக்கா மறுநாளே தீர்த்து வைத்தாள்.

இன்றும் என் மனைவி தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நான் முதல் வாய் எடுத்ததும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறாள். நான்கு என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.