இரண்டு கரண்டி கோதுமைக் கரு

இனிமேல் இந்த வீட்டுக்கு ஆரோக்கியம் என்று ஒன்று வந்தால் அது தன் மூலமாகத்தான் வரும் என்று திருத்தம் சார் ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவித்தார். சர்க்கரை போடாத காபியைக் குடித்த முகத்தோடு சொன்னதால் அது அறிவிப்பாகக் கேட்கவில்லை. புகாராகக் கேட்டது.

திருத்தம் என்பது அச்சகத்தில் வைத்த பெயர். சாப்பாட்டு டப்பாக்களில் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கும் இடம் அது. புரதம் எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதையெல்லாம் படித்துப் பிழை பார்ப்பது அவர் வேலை. உலகத்தில் அந்த எழுத்துகளை முழுசாகப் படிக்கிற ஒரே மனிதர் அவர்தான். அதுவும் சம்பளம் கொடுப்பதால்.

போன மாதம் டாக்டர், "ரத்தத்துல சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது" என்றார். அவ்வளவுதான், மனைவி அந்த எல்லையில் ராணுவத்தையே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். சர்க்கரை டப்பா இடம் மாறியது. பிஸ்கட் டப்பா மறைந்தே போனது. பன்னிரண்டு வயது மகள் சாக்லேட்டை மொட்டைமாடியில் போய்த் தின்றாள். மனைவி வங்கியில் காசாளர். கள்ள நோட்டை விரல் பட்டதுமே பிடிப்பவள். அவளிடம் நடந்த நீண்ட பேச்சுவார்த்தையில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சலுகை. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தால், காலைக் காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை.

ஒரு கரண்டிக்காக ஒரு மாதம் இனிப்பில்லாமல் இருப்பதா? அந்த நேரம் பார்த்துத்தான் வறுத்த கோதுமைக் கருவின் லேபிள் அவர் மேசைக்கு வந்தது.

"ஏம்மா, கோதுமை மணிக்குள்ள கருன்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? முளை கிளம்புற இடம். சத்தெல்லாம் அங்கதான் குடியிருக்கு. வைட்டமின் ஈ, ஃபோலேட், துத்தநாகம், மெக்னீசியம். மாவு அரைக்கிறவன் அதை எடுத்து வெளிய போட்டுடுறான். நாம என்னடான்னா சக்கையைத் தின்னுட்டு சாப்பிட்டேன்னு ஏப்பம் விடறோம்."

"எதுக்கு எடுத்துடறான்?"

"அதுல எண்ணெய் இருக்கு. மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சுடும். அதனால அதைத் தனியா வறுத்து டப்பால விக்கிறாங்க. இனிமே தினம் ரெண்டு கரண்டி. என் உடம்பு, என் பொறுப்பு."

"நல்ல விஷயம்தானே. வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கிற கணவனுக்கெல்லாம் யார் கதை எழுதுகிறார்கள்?

அவர் கோதுமைக் கரு வாங்கவில்லை. பிஸ்கட் வாங்கினார். மதிய இடைவேளையில் பாக்கெட்டை ஒரு பையில் போட்டு, அச்சக மேசையில் வைத்து, ரப்பர் உருளையால் உருட்டினார். பொன்னிறமாகத் தூள் வந்தது. ஒரு காலி டப்பாவில் கொட்டினார். நிறம் சரியாக விழவில்லை என்று ஒதுக்கிய தாள்களிலிருந்து கோதுமைக் கரு லேபிள் ஒன்றை வெட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டினார். தொழில் சுத்தம் முக்கியம்.

பக்கத்தில் நின்ற மெஷின்காரர், "என்ன திருத்தம், சரக்கே தயாரிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

"வீட்டுல நிம்மதி தயாரிக்கிறேன்."

"அது லேபிள் ஒட்டினா வர்ற சரக்கு இல்லையே சார்."

அன்று முதல் டப்பா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறியது. காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி, தூங்கப் போகும்முன் வைட்டமின் ஈயின் நினைவாக இன்னும் ஒன்று. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சொற்பொழிவு இலவசம். "நார்ச்சத்து இறங்குறது தெரியுது" என்று வயிற்றைத் தடவிக்கொள்வார்.

முதல் வாரம் முடிவதற்குள் சுவரோரமாக எறும்பு வரிசை கட்டியது.

"ஏங்க, எறும்புக்கும் வைட்டமின் ஈ குறைச்சல் போல?"

"சத்துன்னா எல்லா உயிருக்கும் ஆசை இருக்கும்மா."

"திறந்த டப்பாவை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு லேபிள்லயே போட்டிருக்கு. நீங்க பிழை பார்த்த லேபிள்தானே?"

ஃப்ரிட்ஜில் வைத்தால் பிஸ்கட் நமுத்துப்போகும் என்று எந்த லேபிளிலும் போடவில்லை. "அது... வெயில் காலத்துக்குச் சொன்னது" என்றார்.

"ஓ" என்றாள். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து சொல்கிற அதே "ஓ". அது வந்தால் நோட்டு திரும்பி வராது.

இரண்டாவது வாரத்திலிருந்து தூளின் ருசி மாறியது. இனிப்பே இல்லை. வறுத்த கடலையும் மரத்தூளும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு சுவை. பிஸ்கட்காரன் சர்க்கரையில் கை வைத்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டினார். மறுநாள் அச்சகத்தில் பொடித்ததும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தார். தேனாக இனித்தது. அதையே இன்னொரு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோய், பழையது தீர்ந்ததும் இரண்டு நாள் கழித்துத் தின்றார். மரத்தூள்.

வேலை செய்கிற இடத்தில் இனிப்பது வீட்டுக்கு வந்தால் இனிப்பதில்லை. கல்யாணமானவர்களுக்கு இதில் அதிசயமாக எதுவும் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. கோதுமைக் கருவின் சத்து அத்தனையும் மனப்பாடம், ருசி மட்டும் அவருக்குத் தெரியாது. மனைவிமேல் உள்ள பயத்தில் நாக்கு மரத்துவிட்டது என்று முடிவுகட்டி, கடமையாகத் தின்றார். நிறுத்தினால் சந்தேகம் வரும். அளவைக் குறைத்தாலும் வரும். ஏனென்றால், "என்னங்க, இன்னிக்கு மெக்னீசியம் சாப்பிடலையா?" என்று வேளை தவறாமல் நினைவூட்ட ஆள் இருந்தது.

பரிசோதனை வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"நல்லாவே இறங்கியிருக்கே! என்ன பண்ணீங்க?"

"கோதுமைக் கரு, டாக்டர்" என்றாள் மனைவி, அவர் வாயைத் திறக்கும்முன்.

"நல்ல சாப்பாடுதான். ஆனா அது மருந்தில்ல. இனிப்பை அடியோட நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் வேலை செஞ்சிருக்கு."

திருத்தம் சாருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. நிறுத்தினேனா? நானா? ஒரு மாதமாக வேளா வேளைக்குப் பிஸ்கட் தின்று சர்க்கரையை இறக்கியிருக்கிறேன்! இந்த உடம்பை ஆராய்ச்சிக்கூடத்தில் அல்லவா வைக்க வேண்டும்?

மறுநாள் காலை காபி வந்தது. வாயில் வைத்தார். கசப்பு.

"ஏய், ஒரு கரண்டி சர்க்கரைன்னு பேச்சு!"

"பேச்சுதான். ஆனா இனிப்பை நிறுத்தினதாலதான் இறங்குச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே. மறுபடி ஆரம்பிச்சா ஏறிடாதா? எனக்கு மனசு கேக்கலைங்க."

ஒரு மாத உழைப்பு ஒரு கோப்பைக் கசப்பில் முடிவதா? இந்த வழக்கை ஜெயிக்க அவர் கையில் ஒரே ஒரு சாட்சியம் இருந்தது. அது அவரையே மாட்டிவிடும் சாட்சியம். ஆனால் வெற்றி பெற்ற உடம்பு தைரியம் கொடுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் இனிப்பை நிறுத்தவே இல்லை! டப்பால இருக்கிறது கோதுமைக் கருவே கிடையாது. பிஸ்கட்! என் கையால பொடிச்ச பிஸ்கட்! மாசம் பூரா அதைத் தின்னுதான் சர்க்கரை இறங்குச்சு. இப்ப என்ன சொல்றே? போடு சர்க்கரையை!"

மனைவி கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு முதலில் இடறியது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அது இரண்டாவதாக இடறியது. மனைவி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, காய்கறிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கம்பெனி பாக்கெட். வறுத்த கோதுமைக் கரு. பாதிக்கு மேல் காலி.

"முதல் வாரம் தின்னது பிஸ்கட். அதுக்கப்புறம் இது."

அவர் நாக்கு தானாகவே ஒருமுறை மரத்தூளை நினைத்துக்கொண்டது.

"அப்போ... நான் அத்தனை நாள் பொடிச்சது?"

"ஐஸ்கிரீம் மேல தூவினா அவ்வளவு நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி. "அடுத்த தடவை கொஞ்சம் பெருசாப் பொடிச்சுக் கொண்டாங்க. பாப்பாவுக்கு மொறுமொறுன்னு இருந்தாத்தான் பிடிக்குது."