பீளமேட்டு மெத்தைப் போர்

நுரையீரல்தோறும் குடிகொண்டு, கண்ணுக்குப் புலப்படாமல் கோவை மாநகரை ஆளும் நுண்தூசுத் தேவியே, முதல் வணக்கம் உனக்கே! உன்னை அளக்கத் துணிந்த அஞ்சா நெஞ்சன், இயற்பியல் விரிவுரையாளன், பீளமேட்டுப் பொங்கியண்ணனின் வீரம் பாட நாவருள்வாய்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிறு. கல்லூரி மாடிச் சாவியை வைத்திருந்தவர் உடுமலைப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டமையால், அவ்வீரன் தன் வீட்டு மொட்டைமாடியையே களமாக்கி, சென்னையிலிருந்து இரவல் வந்த ஒளிச்சிதறல்மானியை அங்கே அரியணை ஏற்றினான். காற்றை உறிஞ்சி, உள்ளிருக்கும் விளக்கொளியை அதிலுள்ள தூசு எவ்வளவு சிதறடிக்கிறதென்று தாளில் கோடாக வரையும் தெய்வப் பெட்டி அது. மாலை ரயிலில் திரும்பிப் போகவேண்டியது. அதற்குள் ஒரு மணி நேரம் பழுதில்லாத கோடு கிட்டாவிட்டால், பத்து நகரங்களின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கோவை நீங்கும். அதனினும் கொடிதாக, பொங்கியண்ணன் என்ற பெயரும் நீங்கும்.

விசையைத் தட்டினான். கோடு இளநாகம்போல் நெளிந்து புறப்பட்டது. அக்கணமே எழுந்தது இடியொத்த ஓசை: தொம்!

அடுத்த மாடியில், புடவைத் தலைப்பை இடுப்பில் வரிந்து செருகி, மூங்கில் கழியைக் கதாயுதமென ஓங்கி, இலவம்பஞ்சு மெத்தைகளின்மேல் சினந்து பாய்ந்துகொண்டிருந்தாள் வெங்கடலட்சுமி. மகளைப் பெண் பார்க்க வரும் ஓசூர்க்காரர்கள் அன்றிரவு படுக்கவேண்டிய மெத்தைகள். எழுந்த தூசுப்படலம் கைப்பிடிச்சுவர் தாண்டிப் பெட்டியின் மூக்கில் புக, கோடு தாளின் உச்சியில் முட்டி நின்றது.

“ஏனுங்கம்மா, நிறுத்துங்க! நான் கோயமுத்தூர்க் காத்தை அளந்துட்டிருக்கறேன்!” என்று முழங்கினான் வீரன்.

“அளங்க சாமி, ஆரு வேண்டாங்கறா?” தொம்!

“உங்க தூசெல்லாம் கணக்குல ஏறுதுங்க!”

“அந்த மில்லுக்காரங்ககிட்டப் போய் இப்படிக் கத்திப்போட்டு வாங்க, பார்க்கலாம்!”

மில்லின் புகைபோக்கி அங்கிருந்தே தெரிந்தது. அதனிடமோ, அவிநாசி சாலையில் கரும்புகை கக்கும் லாரிகளிடமோ ஒருநாளும் வாய் திறந்திராத சிங்கம், மெத்தையின் முன்னே பிடரி சிலிர்த்தது.

“அது ஊர்த் தூசுங்க! உங்களுது வெறும் ஊட்டுத் தூசு!”

“ஏனுங்க, எங்கூடு ஊருக்குள்ளதானுங்க இருக்குது?”

வாதத்தில் வீழ்ந்தவன் தந்திரத்தில் எழுந்தான். தட்டி முடிந்தால்தானே காற்றுத் தெளியும்? வேட்டியை மடித்துக் கட்டினான், சுவரைத் தாண்டினான், கழியைப் பறித்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் வெங்கடலட்சுமி அமர்ந்து, “அந்த மூலையில இன்னும் ரெண்டு போடுங்க கண்ணு” என்று படை நடத்த, புயலென, பேரூழியென, தேர்வுத்தாள் திருத்தும் மாதத்து ஆத்திரமெல்லாம் திரண்ட தோளனாய் அவன் மெத்தைகளைப் புடைத்த புடையில் மீசை நரைத்தது, புருவம் நரைத்தது, கதிரவன் மங்கினான். அந்நாழிகையில் கோவை மாநகரில் அவனினும் மிகுதியாக ஒளியைச் சிதறடித்தவர் எவருமிலர்.

முடிந்தது போர். படலம் மெல்ல அடங்கிற்று, வானம் துலங்கிற்று. தும்மியபடியே தன் மாடிக்கு மீண்ட வெற்றிவேந்தன், புதுத்தாள் பூட்டி, குலதெய்வத்தை நினைந்து, வலக்கைச் சுட்டுவிரலை வாளென உயர்த்தி விசையின்மேல் இறக்கினான்.

கரண்ட் போயிருந்தது.