சுத்தளவு மேஸ்திரி போடாத வேலி

தர்மபுரி மாவட்டத்தில், தனக்கு வந்த வேலையைத் தானே கெடுத்துக்கொள்வதற்கென்று ஆண்டவன் படைத்த ஒரே ஆள் எங்கள் சுத்தளவு மேஸ்திரிதான். தொழில், நிலத்துக்குக் கம்பி வேலி போடுவது. சுற்றளவு எத்தனை மீட்டரோ அத்தனைக்கும் கூலி. நிலம் கோணலாக இருந்தால் வேலி நீளும். வேலி நீண்டால் அவருக்குத்தான் லாபம். அவரோ, "அந்த மூக்கு முனையை விட்டுட்டு நேரா எடுங்க, கம்பி மிச்சமாவும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இடுப்பில் எப்போதும் ஒரு நைலான் கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு. சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு, சின்னச் சாமான்களுக்கு. மாரண்டஹள்ளியில் ஒரு ஓட்டலில், முறுகல் தோசையின் ஓரமாக அந்த நூலை ஓட்டி அளந்ததை என் கண்ணால் பார்த்தேன். தோசை, ஓரமெல்லாம் பல் பல்லாகப் பிய்ந்திருந்தது.

"என்னாங்க மேஸ்திரி, தோசைக்கும் வேலியா?" என்றார் கடைக்காரர்.

"நேத்து போட்ட வட்டத் தோசைக்கும் இதுக்கும் சுத்தளவு ஒண்ணுதாங்க. ஆனா வயித்துக்குப் பத்தல. ஓரமெல்லாம் பல்லு, உள்ள கம்மி."

கடைக்காரர் இன்னொரு தோசை ஊற்றினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தத் தோசை என் சொந்தக் கதை என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஓடையோரத்தில் ஒரே துண்டு நிலம். அப்பா காலமான பிறகு ஊர்ப் பெரியவர்கள் பாகம் பிரித்தார்கள். கயிறு பிடித்துச் சுற்றி வந்தார்கள். இந்தப் பாகத்தைச் சுற்ற எத்தனை கயிறோ, அந்தப் பாகத்தைச் சுற்றவும் அத்தனை கயிறு. "சரிசமம்" என்று எழுந்துவிட்டார்கள். இளையவன்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஓடைக்கரையில் கன்னிமார் ஏழு கல் இருக்கிறது. அந்தத் தாய்மார் பக்கத்தில் இருக்கட்டும் என்று, ஓடை வளைந்து வளைந்து போகிற பாகத்தை நானே கேட்டு வாங்கினேன். அண்ணனுக்கு மேட்டுப் பக்கம், நாலு பக்கமும் நேராக.

அன்று முதல், அண்ணன் நாலு பெட்டி தக்காளி ஏற்றினால் நான் மூன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தேன். பரிகாரம் செய்தேன். அப்போதும் மூன்றுதான். ஒருநாள் அண்ணன், "சாமி கும்புட்டாப் போதுமாடா? களை யாரு எடுக்கறது?" என்று கேட்டுவிட்டார். பேச்சு நின்றது. மூன்று வருடம். ஒரே கரையில் பொங்கல் வைத்தாலும் அவர் கிழக்கே பார்ப்பார், நான் மேற்கே பார்ப்பேன். கடைசியில், நடுவே வேலி போட்டுவிட்டால் முகம் பார்க்கிற வேலையே இல்லை என்று தனித்தனியாக முடிவு செய்து, இரண்டு பேருமே சுத்தளவு மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டோம்.

மேஸ்திரி கம்பிச் சுருளையும் வேலிக்கல்லையும் டெம்போவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அளக்க ஆரம்பித்தார். நாங்கள் கூப்பிட்டது நடு வேலிக்கு மட்டும்தான்; அவரோ பழக்கதோஷத்தில் இரண்டு பாகத்தையும் சுற்றி, ஓடையின் ஒவ்வொரு வளைவிலும் குந்தி உட்கார்ந்து கயிற்றை வளைத்தார். ஓரத்தில் எருமை படுத்திருந்தால் அது எழுந்திருக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் மகளுடைய கட்டம் போட்ட நோட்டில் இரண்டு பாகத்தையும் வரைந்து எங்களைக் கூப்பிட்டார்.

"சுத்தளவு ரெண்டும் ஒண்ணுதாங்க. பெரியவங்க கயிறு தப்பில்ல. ஆனா தம்பியோடது பல்லு வெச்ச தோசைங்க."

"அப்டீன்னா?" என்றார் அண்ணன்.

"உள்ள கம்மிங்க. நம்பலைன்னா கட்டத்தை எண்ணுங்க. ஓரத்துல வெட்டுப்பட்ட கட்டம் பாதிக்கு மேல இருந்தா ஒண்ணு, கீழ இருந்தா விட்டுடுங்க."

இருந்தது ஒரே நோட்டு. வேறு வழியில்லாமல் வேலிக்கல் அடுக்கின்மேல் ஒட்டி உட்கார்ந்தோம்.

"இது பாதிக்கு மேலடா."

"கீழண்ணா. கண்ணாடியப் போட்டுப் பாரு."

"எனக்குக் கண்ணு தெரியலைங்கறியா? செரி, இது?"

"அதுவுந்தான் கீழ."

"உனக்கு எல்லாமே கீழதான்!"

மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். எண்ணி முடித்தோம். அவருக்கு நாலு என்றால் எனக்கு மூன்று. தக்காளிப் பெட்டியின் அதே கணக்கு. தாய்மார் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்த மண்ணுக்குச் சரியாகத்தான் அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

"நான் களை எடுக்காதவன்..." என்று ஆரம்பித்தேன்.

"நீயாத்தானேடா கேட்டு வாங்கின!" என்று அண்ணன் கத்தினார். கத்திவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழிரப்பர் இருக்கா?" என்றார். மகளின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நடுக்கோட்டை அழித்தார். காகிதம் கிழிகிற அளவுக்குத் தேய்த்து அழித்தார்.

"சேந்தே வெள்ளாமை வெப்போம். வர்றதுல பாதிப் பாதி."

மேஸ்திரி குதித்தார். "அந்தக் கோடு ரெண்டு பேரு சுத்தளவுலயும் இருந்துச்சுங்க. ஒரே அழிப்புல ரெண்டும் போச்சு! எவ்ளோ கம்பி மிச்சம் பாருங்க!" நடு வேலிக்கென்று கொண்டுவந்த சுருளையும் கல்லையும் தானே மறுபடி டெம்போவில் ஏற்றி, சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது மேஸ்திரி ஓசூரில், மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனில் சொன்னார்: "எல்லாமே நேர்க்கோடுங்க தம்பி. வூடு சதுரம், சன்னல் சதுரம். நீளத்தை அகலத்தால பெருக்குனா முடிஞ்சுது. மனுசன் என்னாத்தை அளக்கறது?" அன்று ஓடைக்கரையில் தண்ணீர் திருப்பப் போனவன், ஒவ்வொரு வளைவிலும் குந்தி உட்கார்ந்த ஆளைத் தேடிக்கொண்டே நடந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். இந்த வெள்ளிக்கிழமை, கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் பண்ணைக்குட்டை வெட்டுகிறோம். குட்டைக்கு விரிக்கிற தார்ப்பாய்க்கு அளவெடுக்க மேஸ்திரி வர வேண்டும் என்று ஓசூருக்குச் சொல்லியாயிற்று. நேற்று இடம் பார்க்க வந்த ஜேசிபிக்காரர், "நூல் பிடிச்ச மாதிரி சதுரமா வெட்டிக் குடுத்தர்றனுங்க" என்றார்.

அண்ணன் பதறிவிட்டார்.

"ஐயய்யோ, வேணாம் சாமி. நல்லாக் கோணலா வெட்டு."