அப்பாஸ் பாய் காதைத் தொட்டார்

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடும் திறமை எனக்கு இருந்தது. மொத்தம் ஏழு மாதம் இருந்தது. காமயகவுண்டன்பட்டியில் என் மாமனாரின் திராட்சைத் தோட்டத்தில் வைத்து அது என்னை விட்டுப் போனது. போகிறபோது பாதித் தோட்டத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது.

திறமை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தேனியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். போனில் போக்கர் என்கிற சீட்டாட்டம் பழகினேன். சொந்தக் காசைக் கட்டி ஆடவில்லை (அந்தத் தைரியம் எனக்கு ஏது?), போனே இலவசமாகத் தரும் பொம்மைக் காசுதான். நம் கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு. மற்றபடி யார் எவ்வளவு துணிந்து கட்டுகிறார், யார் பயந்து சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார் என்பதுதான் ஆட்டம். பொம்மைக் காசு கோடியைத் தாண்டியதும் இவ்வளவு ஞானத்தை நானே வைத்திருப்பது பாவம் என்று தோன்றிவிட்டது. வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து ஆலோசனை வழங்கத் தொடங்கினேன். குழுவில் பதினோரு பேர். அதில் நாலு பேர் என்னிடம் டியூஷன் படித்தவர்கள். வெளியேறினால் சார் வருத்தப்படுவார் என்று இருந்தார்கள்.

"உன் சீட்டைப் பார்க்காதே, எதிராளியின் கையைப் பார். உள்ளே பயம் இருப்பவன் மூக்கைத் தொடுவான், காதைத் தொடுவான்" என்று எழுதுவேன். "விலை பேசும்போது முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான்" என்று எழுதுவேன். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் வேரியன்ஸ். ஐந்து தடவைக்கு நாலு தடவை ஜெயிக்கிற சீட்டோடு இறங்கினாலும் மிச்சம் ஒரு தடவை தோற்கத்தான் செய்வோம். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர்தான் வேரியன்ஸ். அதனால் தோற்றுவிட்டோம் என்பதற்காக, எடுத்த முடிவே தப்பு என்று சொல்லக் கூடாது. பாடம் என்னவோ சரியான பாடம்தான். ஆனால் என்னைப் போன்ற ஆளிடம் அது கிடைத்தால், வாழ்நாள் முழுக்கத் தப்பே செய்யாதவனாக இருந்துவிடலாம்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி வனிதா. நாலாவது மாதம், காலாண்டு விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போனோம். மாமனாருக்கு இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை. பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்தால் தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகக் குலைகள், கை நீட்டினால் வாய்க்கு வரும். வெட்டுக்குத் தயாராக இருந்தது. மேற்கு மூலையில் பந்தல் சாய்ந்து போயிருந்தது. இந்த வெட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் முழுக்கப் புதுக் கல்லுக்கால் நட்டுப் புதுக் கம்பி இழுக்க வேண்டும் என்று மாமனார் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் அப்படி ஒரு மரியாதை. நான் தும்மினால் மாமியார் அடுப்பை விட்டு ஓடிவருவார். நான் வருகிற சத்தம் கேட்டாலே மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். இத்தனைக்கும் நான் பாத்ரூமிலிருந்துதான் வந்திருப்பேன். நான் ஒன்று சொல்லி அந்த வீட்டில் யாரும் மறுத்து நான் கேட்டதில்லை. எல்லாரும் என் அறிவில் மயங்கிவிட்டார்கள் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கம்பத்திலிருந்து அப்பாஸ் பாய் வந்தார். இருபது வருடமாக இந்தத் தோட்டத்தை வெட்டுகிற வியாபாரி. கொடியில் இருக்கும்போதே பார்த்து விலை பேசி, அவர் ஆளை விட்டு வெட்டி, அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மாமனார் "நீங்களும் வாங்க மாப்பிள்ளை" என்று என்னையும் கூப்பிட்டார். ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டதுதான். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாய் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். "நல்லா இனிப்பு ஏறிருச்சுண்ணே. கிலோவுக்கு அம்பத்தஞ்சு போட்டுக்குவோம். நாளைக்கே ஆள் வரும்."

மாமனார் தலையாட்ட வாய் திறந்தார். நான் மெல்லச் சிரித்தேன். (கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பு அது. எதிராளி நிலைகுலைவான் என்று ஒரு வீடியோவில் போட்டிருந்தது.)

"எழுபது" என்றேன்.

பாய் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் திரும்பப் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை சொல்லிட்டாக" என்றார்.

அப்போதுதான் அப்பாஸ் பாய் காதைத் தொட்டார். சும்மா தொடவில்லை, சடக்கென்று தொட்டுக் கசக்கினார். முகம்கூடச் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. ஆள் பயந்துவிட்டார்!

"சரி, மாப்பிள்ளை வந்திருக்காக. அறுவதா வச்சுக்கங்க" என்றார் பாய், காதைப் பிடித்தபடியே.

இருபது வருடத்தில் பாய் தான் சொன்ன விலைக்கு மேலே ஏற்றியது அதுதான் முதல் தடவை. புத்தி உள்ளவன் அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். நானோ, காதைத் தொட்டவரிடம் இன்னும் பத்து ரூபாய் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். "எழுபதுன்னா எழுபதுதான் பாய்."

"மேக்க மலையில இருட்டிக்கிட்டு வருது மாப்பிள்ளை. பழுத்த காய் மழை தாங்காது."

மழையைக் காட்டி மிரட்டுகிறார் என்று முடிவு செய்தேன். மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன். "அப்ப யோசிச்சுட்டு ஒரு போன் போடுங்கண்ணே" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு பாய் வண்டியை எடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டில் மாமியார், "மாப்பிள்ளை சொன்னா யோசிச்சுத்தான் சொல்லிருப்பாக" என்று இன்னொரு கோழித் துண்டை இலையில் வைத்தார். மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அறைக்குள் வனிதா கதவைச் சாத்தினாள்.

"அப்பா துண்ட உதறுனாராமே, பாத்தீங்களா?"

"பார்த்தேன். தூசி."

"தூசியா? அவரு வேணாம்னு வாயால சொல்ல முடியலன்னா அப்பிடித்தான் உதறுவாரு. இந்த ஊருக்கே தெரியும்."

"வனிதா, நான் பாயோட காதைப் பார்த்தேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் அன்று நான் படித்திருந்தால் போதும்.

அடுத்த இரண்டு நாள் என் வாழ்க்கையின் மிகக் கேவலமான இரண்டு நாள். மாமனாரின் கை சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கும். உடனே நான், "மாமா, நாம கூப்பிட்டா இறங்கிட்டோம்னு அர்த்தம். அவரா கூப்பிடுவார்" என்பேன். "சரிங்க மாப்பிள்ளை" என்று போன் உள்ளே போகும். பிறகு வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். துண்டு எத்தனை தடவை உதறப்பட்டது என்று நான் எண்ணவில்லை. பாயும் கூப்பிடவில்லை. கையில் நல்ல சீட்டு வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் குழுவுக்கு "பொறுமை" என்று ஒரு பாடம் எழுதினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. மாமனார் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். பின்னாலேயே நானும் குடையோடு ஓடினேன். பந்தலுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தோம். பழுத்த பழங்கள் தண்ணீர் குடித்து வெடிக்க ஆரம்பித்திருந்தன. வெடித்த பழம் ஒன்று இருந்தால் அந்தக் குலையே அழுகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. மாமனார் ஒவ்வொரு குலையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அந்த நேரத்தில் நான் சொன்ன வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"மாமா, ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நாம எடுத்த முடிவு சரிதான். இதுக்குப் பேரு வேரியன்ஸ்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மழைத் தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"அப்பிடிங்களா மாப்பிள்ளை. குடைய நல்லாப் பிடிச்சுக்கங்க, நனையுறீக" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குடையை மடக்கினேன். எனக்கு அழுகை வந்தது, மழையில் தெரியவில்லை. அப்படியே நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய், கம்பம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

கம்பத்தில் தன் கடையில் அப்பாஸ் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நின்று ஒப்புக்கொண்டேன். "தப்பு என்னோடதுதான் பாய். நீங்க காதைத் தொட்டதும் பயந்துட்டீங்கன்னு நினைச்சு…"

"காதா?" பாய் தலையைச் சாய்த்துக் காட்டினார். காது மடல் இன்னும் வீங்கியிருந்தது. "குளவி கொட்டிருச்சு மாப்பிள்ளை. விலை பேசயில கத்தக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம் ஏன் அறுபதுக்கு ஏத்துனீங்க?"

"புது மாப்பிள்ளை வாயத் தொறந்து ஒரு விலை கேட்டுட்டீக. மாமனார் முன்னாடி அது அப்பிடியே கீழ விழலாமா? உங்க மருவாதிக்கு அஞ்சு ரூவா. அண்ணே துண்ட உதறயிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் சொன்ன விலைக்கு அவருக்குச் சம்மதந்தான்னு. ஆனா உங்களத் தாண்டி அவரு எப்பிடிப் பேசுவாரு, நான் எப்பிடிக் கூப்பிடுவேன்? ரெண்டு நாளா வெட்டு ஆள இங்கன நிப்பாட்டி வச்சுட்டு, அவரு போனுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஆக, என் கையில் இருந்தது குப்பைச் சீட்டு. என் முகம் கோணக் கூடாது என்று எல்லாரும் அவரவர் நல்ல சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மழை விட்டதும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெடிக்காத குலைகளை வெட்டி எடுத்தார்கள். பாதி தேறியது. அதற்கு அறுபதே கொடுத்தார் பாய். மீதி பந்தலுக்கு அடியில் ஈ மொய்த்துக் கிடந்தது. புதுக் கல்லுக்கால் வரவில்லை. சாய்ந்த பந்தலுக்கு மூங்கிலை முட்டுக் கொடுத்தோம். நான்தான் குழி தோண்டினேன். அந்த முட்டுக்கு 'மாப்பிள்ளை முட்டு' என்று பெயர். வாட்ஸப் குழுவை அன்றைக்கே கலைத்தேன். பதினோரு பேரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள்.

வேரியன்ஸ் என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. குழம்பில் உப்புக் கூடினால் மாமியார், "இன்னைக்கு வேரியன்ஸ் ஆயிப்போச்சு மாப்பிள்ளை" என்பார். கொழுந்தியாள் வண்டியைக் கொண்டுபோய் வேலியில் விட்டுவிட்டு அதையேதான் சொன்னாள். மாமனார் மட்டும் சொல்லவே மாட்டார். மாப்பிள்ளையைக் கேலி செய்வது அவருக்கு ஆகாது. அவர் சிரிக்காமல் இருப்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் வெட்டுக்கு பாய் வந்தார். பந்தலுக்கு அடியில் எல்லாரும் நின்றோம். பாய் பழத்தை வாயில் போட்டு விலை சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாக, கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டார். வனிதா கொல்லென்று சிரித்துவிட்டாள். நானும் ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று வாயைத் திறந்தேன்.

"ஏலே, சும்மா இருலே!" என்றார் மாமனார்.

அவர் முகம் வெளிறிவிட்டது. மாமியார் பதறிப்போய், "ஆத்தாடி, மாப்பிள்ளையப் போயி ஏலேங்கிறீக!" என்றார்.

மாமனார் துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் காது வரை போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் உதடும் கோணியது.

"அது வேரியன்ஸ்" என்றார்.