வயிற்றில் கட்டிய கூடு

இந்தக் காலத்து டாக்டர்கள் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஊசி குத்தி முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார்கள். அதுதான் முனிரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை.

"சோதனைக்கு வந்த புது மருந்து, பெரியவரே," என்றார் டாக்டர் ஸ்ரீசரண். "கைநாட்டு வாங்கறச்சேயே சொன்னேன், நீங்க ஃபேனைப் பாத்துண்டு இருந்தேள். இது வயித்துல கூழா உறைஞ்சு உக்காந்துக்கும். சக்கரைக்கு மருந்தைத் துளித்துளியா விடும். உங்க ஊர்ப் பட்டுல செஞ்ச கூழ்தான்."

முனிரத்தினத்துக்குக் குளிரெடுத்தது. சாயப்பட்டறையில் காலமெல்லாம் பட்டு நூலை வேகவைத்தவர் அவர். புழு கட்டிய வீட்டைப் புழுவோடு கொதிக்கவைத்து உருவிய நூல்தானே பட்டு. எத்தனை வீட்டைக் கெடுத்த பிழைப்பு. இப்போது அதுவே தொப்புளுக்குப் பக்கத்தில் குடிவந்துவிட்டது.

மத்தியானம் படுத்தால் உள்ளே தூறல் போடுவதுபோல் ஒரு சத்தம். புழுக்கள் கூட்டமாக இலை தின்றால் அப்படித்தான் கேட்குமாம். மைசூர்ப் பக்கத்து நூல்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"பசிக்குதுயா உனக்கு," என்றாள் பட்டம்மாள். "புழுவுமில்ல, பூச்சியுமில்ல."

பொண்டாட்டியை நம்பி எவன் உருப்பட்டான்? பட்டின் பசையை எடுக்கச் சுடு சவுக்காரத் தண்ணீர் போதும் என்பது தொழில்கண்ட விஷயம். துணியை அதில் நனைத்து வயிற்றில் போட்டார். தோல் உரிந்தது. ஊசி போட்ட இடத்துக் கட்டி கரையவில்லை, முன்னைவிட உருண்டு நின்றது.

"தீனி இல்லன்னா தானா செத்துப்பூடும்," என்று சோற்றை நிறுத்தினார். சத்தம் அதிகமாயிற்று. குழாயடியில் கண் இருட்டிச் சாய்ந்தார்.

பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பட்டினி போட்டா அது உன்னத்தான் தின்னும். எலையப் போட்டுத் தொலையேன்."

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். அவர் சந்தைக்குப் போனார்.

அன்றிலிருந்து முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி. சோறு தொட்டுக்கொள்ள மட்டும். டீக்குச் சர்க்கரை கிடையாது. புழுவுக்கு எதற்கு டீ? சில வாரத்தில் சத்தம் நின்றது.

அப்போதுதான் உண்மையாகவே பயம் பிடித்தது. தின்று முடித்த புழுதான் கூடு கட்ட உட்காரும்.

பயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்தத்தைப் பார்த்த டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "சக்கரை நன்னா இறங்கியிருக்கு. மருந்து பிரமாதமா வேலை செய்யறது. இன்னொண்ணும் போட்டுடலாம்."

"இன்னொண்ணா? ஒண்ணுக்கே கீரை வாங்கி மாளல சாமி. இத மொதல்ல வெளிய எடு."

"எதை எடுக்கறது? அது மருந்து."

"மருந்து இல்ல. சக்கரையத் தின்னுக்கினு கீது."

டாக்டர் சிரித்தார். செல்போன் அடிக்கவே, அதே சிரிப்போடு வெளியே போனார். விட்டால் போதும் என்று முனிரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

நர்ஸ் ஜோதிகா வாசற்படியில் வந்து பிடித்துக்கொண்டாள். கிழவர் பயந்துபோய்க் கிளம்புவதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"தாத்தா, ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்க. டாக்டருக்கே தெரியாது. சோதனைல பாதிப் பேருக்குத்தான் மருந்து. ஊசில ஏத்துனது நான். பயப்படவே பயப்படாதீங்க, உங்க வயித்துக்குள்ள மருந்து ஒரு சொட்டு இல்ல. வெறும் பட்டு மட்டுந்தான் கீது."

"பயப்படக் கூடாதாம்," என்று முனகிய முனிரத்தினம், வயிற்றை இரண்டு கையாலும் தாங்கி, குலுங்காமல் படியிறங்கிப் போனார்.